பாதியில் நின்ற குஞ்சுத் தடம்

என் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். எட்டு வயதில் அதை நானே நிரூபித்தும் காட்டினேன்.

அந்த ஆவணியில் அத்தையும் மாமாவும் ஆஸ்திரேலியாவிலிருந்து தென்காசிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். குற்றால சீசனுக்காக என்று எனக்குச் சொன்னார்கள். எட்டு மாதத்தில் அத்தையின் வயிற்றிலேயே குழந்தை போய்விட்டது என்பதைச் சொல்லவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மூக்கைச் சிந்தினார்கள். மாமாவிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா மட்டும் அவரைத் தினமும் ஐந்தருவிக்குக் குளிக்கக் கூட்டிப்போனார். ஆண்பிள்ளைக்கு அது போதும் என்று நினைத்தார் போல.

மாமா ஒரு சித்திரம் கொண்டுவந்திருந்தார். விமானத்திலும் ரயிலிலும் அதை மடியை விட்டு இறக்கவில்லையாம். செம்மண் நிறத் துணி முழுக்கப் புள்ளிகள். மேல் மூலையில் வட்டத்துக்குள் வட்டமாக ஒரு சுனை. அதை நோக்கிப் பெரிய மூவிரல் பறவைத் தடங்கள். பக்கத்திலேயே குட்டித் தடங்கள், அவை பாதி தூரம் மட்டும். மாமாவோடு வேலை பார்க்கும் பூர்வகுடிப் பெண் அவருக்கென்றே வரைந்து கொடுத்தது.

"ஈமு கோழியா மாப்ளே? கறி நல்லாயிருக்குமோ?" என்றார் அப்பா.

"அந்தம்மா வீட்டுல அதைத் திங்க மாட்டாவ மச்சான். ஈமு அவங்க குலத்துக்கே சொந்தக்காரங்க மாதிரிலா. அதுல அடைகாக்கதும் குஞ்சைக் கூட்டிட்டு அலையுததும் அப்பன்தான்."

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அருவிக்குக் கிளம்பலாம் என்றார்.

கிருஷ்ண ஜெயந்தி அன்று வாசலிலிருந்து பூஜை அறை வரை கண்ணன் பாதம் பதிப்பது என் வேலை. மாக்கரைசலில் முஷ்டியைத் தோய்த்துத் தரையில் ஒற்றி, மேலே விரலுக்கு ஐந்து பொட்டு.

"நடுவுல நிப்பாட்டிராத ஏட்டி. பாதம் நின்னுட்டா பிள்ளை உள்ள வராது" என்று அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்.

முடித்து நிமிர்ந்தால் கட்டில்மேல் மாமாவின் சித்திரம். ஐயோ பாவம், இங்கேயும் ஒரு பிள்ளை பாதி வழியில் நிற்கிறதே. மிச்ச மாவை விரல் நுனியில் தொட்டு, பெரிய தடத்தை ஒட்டியே, சுனை வரைக்கும் குட்டித் தடம் போட்டு முடித்தேன்.

அருவியிலிருந்து திரும்பிய மாமா ஈரத் துண்டோடு வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயமே வந்தது.

"ஏம்மா இதுல வரைஞ்ச?"

"பாதியில நின்னுச்சு மாமா. அது அப்பா கூடப் போவாண்டாமா?"

மாமா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாய் வெகுநேரம் ஓடியது. நான் ஈரத் துணியை எடுத்துவந்து துடைக்கப் போனேன். அத்தை ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"தொடைக்காத ஏட்டி. இத்தனை மாசத்துல இன்னைக்குத்தான் உங்க மாமா அழுதாவ."

பெரிய மனிதரை அழவைத்துவிட்டேனே என்று எனக்கும் அழுகை முட்டியது. மாமா வெளியே வந்ததும் என் பங்குச் சீடை முழுவதையும் அவர் கையில் கொட்டி, இனிமேல் தொடவே மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அவர் ஒரு சீடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தை என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்தவள் விடவே இல்லை. இவ்வளவு பெரிய தப்புக்கு ஒரு குட்டுகூட ஏன் விழவில்லை என்பதுதான் அன்று எனக்குப் பிடிபடவில்லை.