கரடிக்கும் கண் படும்

கரடித் தலையை மாட்டிக்கொண்டுதான் குணவதி டீ வாங்கப் போவார். மலேசியாவின் சுங்கை பட்டாணியில் அவருடைய தையல் கடை மாடியில். அப்துல் சமதுவின் உணவகம் கீழே. பதினெட்டுப் படி இறங்கி, டீ வாங்கிக்கொண்டு மறுபடி ஏறுவதற்குள் மூச்சு முட்டினால் அந்தத் தலையைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தைப்பார். “இத மாட்டிக்கிட்டு வெயில்ல ஆடப்போறது மனுஷன்லா. நானே பத்து நிமிஷம் தாங்கலன்னா அவன் எப்படித் தாங்குவான்?”

புது வாடிக்கையாளர்கள் ரொட்டி சானாயை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். அப்துல் சமது மட்டும் நிமிர்ந்து பார்க்காமல், “கரடிக்குச் சீனி கொறச்சலா அக்கா?” என்று கேட்பார்.

குணவதிக்கு வயது ஐம்பத்தாறு. பக்கத்துச் சிடாம் கிரியில் பிறந்தவர். கையுறைத் தொழிற்சாலையில் பத்து வருடம் நின்றதில் முட்டி போயிற்று. அதன்பிறகு ஒரு பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குச் சேவல் உடை தைத்துக் கொடுத்ததுதான் தொடக்கம். பிறகு யானை, முதலை, பல் டாக்டருக்காக ஒரு கடைவாய்ப்பல் என்று தொழில் வளர்ந்தது. தைக்கிற நாளில் யார்மேல் கோபமோ அவர் சாயல் முகத்தில் வந்துவிடும். நீர்யானை ஒன்றில் தன்னைக் கண்டுகொண்ட கணவர் மனோகரன் இரண்டு நாள் பேசவில்லை.

எதைத் தைத்தாலும் கடைசியில் கன்னத்தில் கறுப்புத் துணியில் ஒரு திருஷ்டிப் பொட்டு. அவசரத்தில் பொட்டில்லாமல் அனுப்பிய மயில் ஒன்றின் தலை, திறப்பு விழா மேடையிலேயே கழன்று உருண்டது. தையல் சரியில்லை என்பது மனோகரனின் கருத்து. அந்த வீட்டில் அவர் கருத்தை யாரும் கேட்பதில்லை.

இப்படிப்பட்டவர் கையில்தான் அனைத்துலக விளையாட்டு விழாவின் நற்சின்ன உடைகளைத் தைக்கும் வேலை வந்து சேர்ந்தது. பன்னிரண்டு சூரியக் கரடிகள். உலகமே பார்க்கப்போகிற கரடிகள் என்றால் எத்தனை கண் படும்! குணவதி வழக்கத்தைவிடப் பெரிய பொட்டாகவே வைத்தார்.

சரிபார்க்க கோலாலம்பூரிலிருந்து வந்த அதிகாரி திவாகரன், கையிலிருந்த படத்தையும் கரடியின் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அக்கா, படத்துல இந்தப் புள்ளி இல்லையே.”

“ஒங்க அம்மா ஒங்களுக்கு வச்சதில்லையா தம்பி?”

“வச்சாங்க. ஆனா எங்கம்மாவுக்கு மேல கமிட்டி இல்ல. வெள்ளிக்கிழமை வர்றேன். படத்துல இருக்கிறதுக்கு மாறா ஏதாச்சும் இருந்தா பன்னண்டையும் தள்ளிடுவாங்க. வேலை கேஎல் ஃபெக்டரிக்குப் போயிரும்.”

குணவதி அன்று டீ வாங்கக்கூடப் போகவில்லை. எட்டு மாத உழைப்பு ஒரு பக்கம். பொட்டில்லாத பிள்ளைகளை ஊர்க்கண் முன்னால் அனுப்புவது இன்னொரு பக்கம். இரண்டு நாள் முணுமுணுத்துக்கொண்டே பன்னிரண்டு பொட்டையும் பிரித்து எடுத்தார்.

வெள்ளிக்கிழமை திவாகரன் புதுக் காரில் வந்தார். கன்னங்கள் சுத்தமாக இருந்தன. பதினோரு கரடிகள் தேறின. பன்னிரண்டாவதன் பாதத் தையலைப் பார்க்க அவர் காலைத் தூக்கியபோது, உள்ளங்காலில் பொட்டு உட்கார்ந்திருந்தது. மற்றப் பதினொன்றையும் புரட்டினார். எல்லாவற்றிலும் இருந்தது. மனோகரன் மெல்லப் படியிறங்கி நழுவினார்.

“அக்கா, இது படத்துல இல்ல.”

“படத்துல உள்ளங்காலே இல்லலா தம்பி. முன்னால, பின்னால, ரெண்டு பக்கம். அவ்ளோதான் வரைஞ்சிருக்காங்க. அடியில எப்படி இருக்கணும்னு எங்க போட்டிருக்கு?”

திவாகரன் நான்கு படங்களையும் மறுபடி புரட்டினார். அவருக்குச் சிரிப்பு வந்ததா எரிச்சல் வந்ததா தெரியவில்லை. பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். குணவதிக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையில் மூக்கைச் சிந்தி மறைத்துக்கொண்டார்.

வழியனுப்பக் கீழே வந்தவர், உணவக வாசலில் பளபளத்த காரைப் பார்த்தார். “புதுக் காடியா தம்பி?”

“நேத்துதான் எடுத்தேன் அக்கா,” என்று சொல்லிவிட்டு திவாகரன் அப்துல் சமதுவிடம் ஒரு கிளாஸ் டீ சொல்லப் போனார்.

பொட்டு வெட்டும்போது குணவதி எப்போதும் ஒன்று கூடுதலாக வெட்டுவார். முட்டியைத் திட்டிக்கொண்டே, கீழே விழுந்த ஊசியைத் தேடுகிறவர் போலக் குனிந்து, பம்பருக்கு அடியில் பதின்மூன்றாவது பொட்டை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார்.