சூடு ஆறும்வரை ஒரு பிளேன்டீ

மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஏன் கொதிக்கிறது என்று கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை; அது ஆறும்வரை சும்மா இருப்பதுதான் வேலை. வீட்டு முற்றத்தில் பைக்கைக் கழற்றிப் போட்டு, கையையும் சுட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பார்த்துச் சிரிப்பதையும் சகித்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்கள் பஸ்ஸில் போகிறவர்கள். அவர்களுக்கு நான் எழுதவில்லை.

என் பட்டறை மகியாவையில், வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டில். எனக்குப் பொறுமை கிடையாது. கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் முகத்தில் அடிக்கும் என்று தெரிந்தும் கை போகும். அதனால் என் மனைவி கமலா ஒரு சட்டம் வைத்திருந்தாள். சூடான பைக்கோடு யார் வந்தாலும் பாலில்லாமல் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ. ஊதி ஊதித்தான் குடிக்க வேண்டும். முடிந்தால் இன்னொன்று வரும். வந்தவர் இரண்டாவது கோப்பையைக் கீழே வைத்த பிறகுதான் நான் ஸ்பேனரைத் தொடலாம்.

இப்போது அவள் மெல்பேர்னில், மகள் வீட்டில். பிரசவம் பார்க்கப் போனாள். அந்தப் பிள்ளை இப்போது நடக்கிறது. 'வா' என்று நான் வெகுநாள் சொல்லவில்லை. வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை.

உரப்பை

இது கமலா இருந்தபோது நடந்தது. புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளை வந்தார். ரம்பொடை ஏற்றத்தில் பைக் சூடேறிப் படுத்துவிடுகிறதாம். அது காற்றில் ஆறுகிற எஞ்சின். ரேடியேட்டர் கிடையாது. சட்டத்தை மீறி, பிளேன்டீ வருமுன்பே எண்ணெய் பார்த்தேன், சரி. பிளக் பார்த்தேன், சரி. கார்புரேட்டரைக் கழற்றலாம் என்று குனிந்தேன்.

பிளேன்டீயோடு வந்த கமலா பைக்கின் முன்பக்கத்தைப் பார்த்தாள். காலுக்கு முன்னால் இருக்கும் கம்பியில் ஓர் உரப்பையை விரித்து இழுத்துக் கட்டியிருந்தார் மனுசன். "இது என்னாத்துக்கு?" என்றாள். பனியில் முழங்கால் விறைக்கிறது, மேலே எல்லாரும் இப்படித்தான் கட்டுகிறார்கள் என்றார். "இப்ப முழங்கால் கதகதன்னு இருக்குமே?" "ஆமாங்க்கா, ரொம்ப சொகம்." "அந்தச் சூடு எங்கேருந்து வருதுன்னு நெனச்சீங்க?"

நான் கார்புரேட்டரை விட்டுவிட்டுப் பையை அவிழ்த்தேன். அவர் கோப்பையைப் பிடித்தபடியே சொன்னார்: "எஞ்சினுக்கும் காத்து வேணும்னு எனக்கு யாருமே சொல்லலியே அக்கா."

மாலை

கமலா போன பிறகு வந்தவர் நகரசபையில் வேலை பார்க்கும் கதிரேசன். புதுப் பைக், தண்ணீரில் ஆறுகிற வகை. வாங்கி ஒரு கிழமைக்குள் கொதிக்கிறது என்று தள்ளிக்கொண்டு வந்தார். பார்த்தேன். பிள்ளையார் கோயிலில் பூசை வைத்த செவ்வந்தி மாலை ரேடியேட்டரை மூடிக்கொண்டு காய்ந்து கிடந்தது. போதாததற்கு, தகடுகளுக்கு இடையில் சந்தனம் இறுகியிருந்தது. காற்று எங்கே போகும்?

கத்திரியை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார். சாமி மாலை தானாக விழ வேண்டும், வெட்டக்கூடாது என்று அவருடைய அம்மா சொல்லியிருக்கிறாராம். "அப்ப மாலை விழுற வரைக்கும் நீங்க பஸ்ஸில போங்க" என்றேன். யோசித்தார். அடுப்படிப் பக்கம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"அக்கா கையால அவுத்தா குத்தமில்ல பாஸ். அவங்க எப்ப வர்றாங்க?"

மூடி

அக்குறணை ஃபாரிஸ் துணிக்கடைக்காரர். பல வருடப் பழக்கம். பைக்கை நிறுத்திவிட்டு வழக்கமான கதிரையில் உட்கார்ந்தார். பைக் புஸ்ஸென்று ஆவி விட்டது. ஃபாரிஸ் அடுப்படிக் கதவைப் பார்த்தார். எதைப் பார்க்கிறார் என்று நானும் பார்த்தேன். இருவரும் கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கோப்பை இல்லாவிட்டால் எப்போது திறப்பது என்று எப்படித் தெரியும்? துணியை மடித்து வைத்து மூடியைத் திருகினேன். அடித்தது. உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் போயிற்று. ஃபாரிஸ் ஓடிப்போய் வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து கையை அதில் அமுக்கிப் பிடித்தார்.

மற்றக் கையால் மூடியை எடுத்துப் பார்த்தேன். உள்ளே ரப்பர் தேய்ந்திருந்தது. அழுத்தம் நிற்காமல் தண்ணீர் சீக்கிரம் கொதித்து வெளியே போயிருக்கிறது. வேறு கோளாறு இல்லை. மூடியை மாற்றினால் சரி என்றேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

"பைக்க விடுங்க பாஸ். கமலாக்காவுக்கு ஒரு போன் கோல் எடுத்து வரச் செல்லுங்க."

கோல்

ஞாயிற்றுக்கிழமை அவளே வீடியோ கோல் எடுத்தாள். முதலில் பேரப்பிள்ளையைக் காட்டினாள். பிறகு, "அந்தக் கைய ஏன் கீழ வச்சிருக்கீங்க?" என்றாள். தூக்கிக் காட்டினேன். மருந்துக் கட்டைப் பார்த்தாள்.

"சுடச் சுடத் தொறந்திருக்கீங்க."

"பிளேன்டீ ஊத்த ஆளில்ல."

"கேத்தல் அடுப்படியிலதானே இருக்கு?"

"கேத்தல் இருக்கு."

பிள்ளை போனைப் பறிக்கப் பார்த்தது. வைக்கப்போகிறாள் என்று தெரிந்தது.

"வா கமலா" என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளையின் சட்டையைச் சரிசெய்வது போல எதையோ செய்தாள். பிறகு சொன்னாள்:

"மருமகன்கிட்ட டிக்கெட் பாக்கச் சொல்றேன். நான் வந்து சேர்ற வரைக்கும் ஒரு மூடியையும் தொடாதீங்க."

அதன்பிறகு, அவள் வரும்வரை, நானே பிளேன்டீ ஊற்றுகிறேன்: பைக்குகள் ஒழுங்காக ஆறுகின்றன, இரண்டாவது கோப்பையைத்தான் இதுவரை யாரும் கேட்கவில்லை.