காந்த அறையின் வாசலில் தனசேகர்

"சார், உங்களுக்குப் பயமே கிடையாதா?" என்று ஆண்டு விழா மேடையில் ஒரு மாணவி கேட்டாள். எங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் தனசேகர் சிரித்தார். "இருக்கும்மா. சத்தமா விசில் ஊதிடுவேன், வெளிய தெரியாது." போன வெள்ளிக்கிழமை காலை அவர் மனைவி போனில், "அண்ணே, அவுரு தூக்கத்துலயே போயிட்டாரு" என்றபோது எனக்கு அந்தப் பதில்தான் நினைவுக்கு வந்தது. சிதம்பரத்தில் அந்தப் பள்ளியில் எங்களோடு வேலை பார்த்த எல்லோருக்கும் அந்த விசில் தெரியும். அவர் பயந்து நின்றதையும் நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு வலது முழங்கையில் வலி வந்தது. டம்ளரைத் தூக்கினாலே முகம் சுருங்கும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. அவருடைய சித்தப்பாவுக்கு இப்படித் தொடங்கிய கைவலிதான் எலும்புப் புற்றுநோயில் முடிந்தது. அந்த நினைப்பில் தூக்கம் போய்விட்டது அவருக்கு. டாக்டர், காந்தத்தை வைத்துப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நான் எனக்குத் தெரிந்த விதத்தில் விளக்கினேன்: "ஒரு கூடாரத்த எக்ஸ்ரே எடுத்தா கம்புதான் நல்லா தெரியும். கயிறு எங்க அறுந்துருக்குன்னு பாக்கத்தான் இது."

"கயிறா இருந்துட்டா போதும் மச்சான்" என்றார்.

கடலூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம். அங்கிருந்த பெண், பேஸ்மேக்கர் உண்டா, எலும்பில் பொருத்திய பிளேட் உண்டா, கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேள்வி முடியும் முன்பே தனசேகரிடமிருந்து "இல்ல, இல்ல" என்று பதில் வந்தது. அணிவகுப்பில் கட்டளை வருவதற்குள் காலைத் தூக்கிவிடும் பையனைப் போல. மோதிரத்தையும் வெள்ளி அரைஞாணையும் கழற்றி என்னிடம் கொடுத்தபோது அவர் விரல்கள் சில்லென்று இருந்தன.

அறைக் கதவு திறந்தது. உள்ளிருந்து இயந்திரத்தின் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணில் மண் விழுந்து அழுத ஒரு மாணவனுக்கு முகம் கழுவிவிட்டபடி தனசேகர் ஒருநாள் சொல்லியிருந்தார்: "வாத்தியாராவறதுக்கு முன்னாடி பெண்ணாடத்துல லேத் பட்டறையில வேலைக்கு நின்னப்ப எனக்கு இரும்பே தெறிச்சு கண்ணுக்குள்ள போச்சுடா." அவர் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"பட்டறையில இரும்பு தெறிச்சுதே, எந்தக் கண்ணு?"

அவர் கை தானாக இடது கண்ணைப் பொத்தியது. அந்தப் பெண் கதவை இழுத்து மூடினார்.

கண்ணை எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அந்த அறைக்குள் போயிருந்தால் காந்தம் அந்தத் துகளை அசைத்திருக்கும், பார்வையே போயிருக்கலாம் என்றார் டாக்டர். எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்று அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். முழங்கையில் எலும்போடு சேரும் தசைநாண் கொஞ்சம் கிழிந்திருந்தது. கட்டி எதுவும் இல்லை. அதைக் கேட்டும் தனசேகர் சிரிக்கவில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸில் வலது கண்ணை மூடி, இடது கண்ணால் மட்டும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

"அந்தப் பொண்ணு கேட்டது ஒண்ணுமே காதுல ஏறல மச்சான். சீக்கிரம் முடிஞ்சா போதும்னு இருந்துச்சு. பயத்துல வாய் முந்திக்குது."

அதன் பிறகு எந்த டாக்டர் எதைக் கேட்டாலும், தனசேகர் ஒரு மூச்சு விட்டு, "இன்னொரு தடவ கேளுங்க" என்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த வார்த்தைகளைத்தான். அடுத்த முறை ஆஸ்பத்திரியில் உங்களிடம் ஏதாவது கேட்டால், "இல்லை" என்று சொல்வதற்கு முன், அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேட்கச் சொல்லிப் பாருங்கள்.