கம்பியைக் கழற்றிய நாள்

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. மரக்காணத்தில் எங்கள் வீடு. அப்பாவும் தம்பியும் உப்பளத்தில் வேலை செய்தார்கள். தம்பிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. முன்பற்கள் நன்றாகத் தூக்கிக்கொண்டிருக்கும். பெண் பார்க்கப் போன இடத்தில் அவன் காதுபடவே சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை.

பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் கம்பி கட்டிப் பல்லை உள்ளே தள்ளுகிறார் என்று கேள்விப்பட்டு, நான்தான் அவனை அழைத்துப் போனேன். மாதாமாதம் பஸ்ஸில் போய்க் கம்பியை முறுக்கிக்கொண்டு வருவோம். வலி அடங்கும்வரை அவனுக்குக் கஞ்சிதான். ஆனாலும் பல் நகர்ந்தது. கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்ப்பான்.

ஒருமுறை டாக்டர் அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். விரலால் தொட்டதும் முன்பற்கள் இரண்டும் ஆடின.

"ஏம்பா, பீடி குடிக்கிறியா?"

"இல்லீங்க."

பல்லின் உள்பக்கம் கறுத்திருந்ததை டாக்டர் கண்ணாடியில் காட்டினார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் சட்டையில் அடித்த பீடி வாசனை அப்பாவுடையது என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன்.

"கம்பி பல்லை நகர்த்தும்பா. நகர்ந்த பல்லைப் புடிச்சி வெக்கிறது ஈறும் எலும்பும்தான். பொகை அது ரெண்டையும் அரிச்சிடுச்சி. இனிமே இழுத்தா பல்லு கையோட வந்துடும்" என்றார்.

"கழட்டிடாதீங்க டாக்டர். பாதிதானே ஆயிருக்குது..." தம்பி அழுதே விட்டான். கழற்றத்தான் வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா இடிந்துபோய் உட்கார்ந்தார். "வெடிகாலையில தண்ணில எறங்கறோமே, குளுருக்கு நல்லதுன்னு நான்தான்டா மொதல்ல குடுத்தேன்" என்றார். அன்றோடு அவர் பீடியை விட்டுவிட்டார். தம்பியால்தான் முடியவில்லை. விடுவான், மறுபடி தொடுவான். ஒருவழியாக அவன் விட்டபோது அந்த இரண்டு பற்களும் விழுந்திருந்தன. ஈறு தேறிய பிறகு மறுபடி கம்பி கட்டி, மற்ற பற்கள் வரிசைக்கு வந்தன. பல் விழுந்த இடத்தில் பொய்ப்பல் வைத்தார்கள். கல்யாணமும் ஆயிற்று. கல்யாண போட்டோவில் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறான்.

முதல் நாளே அவன் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பற்கள் தப்பியிருக்குமோ என்னவோ. இன்றும் எந்த டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாலும், அவர் கேட்பதற்குள் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.