ஒத்திகைக் கதாநாயகி

பதினோரு வருஷம் நான் காதலித்தது மாவு மில் முருகையனைத்தான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், நடந்தது அதுதான்.

எங்கள் வெண்ணிலா நாடக மன்றத்தில் நான் கதாநாயகன். பெயர் வீரமணி. வேலை ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில், மூட்டை பிடிக்கிற பிரிவில். வருஷா வருஷம் வைகாசித் திருவிழாவுக்கு ஒரு புது நாடகம் போடுவோம். ஷிப்டு முடித்தவன், வயலிலிருந்து வந்தவன், கடை சாத்தியவன் எல்லாரும் ஆசைக்காக நடிப்பவர்கள், ஒருத்தருக்கும் சம்பளம் கிடையாது. கதாநாயகிக்கு மட்டும் உண்டு. அவர் திருச்சியிலிருந்து வர வேண்டும். உள்ளூர்ப் பெண்ணை மேடையேற்றலாமே என்று எங்கள் ஊரில் எவனாவது வாயைத் திறந்திருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான்.

திருச்சி நடிகை நாடகத்தன்று மத்தியானம்தான் பஸ்ஸில் வந்து இறங்குவார். ஒத்திகையோ மாசியில் ஆரம்பித்துவிடும். அந்த மூன்று மாதமும் கதாநாயகியின் இடத்தில் யாராவது நின்று அவர் வசனத்தைப் பேசினால்தான் மற்றவர்களுக்கு நடிப்பு வரும். அப்படி நின்றவர்தான் முருகையன். ஊர் முறைக்கு எனக்கு மாமா.

ஆளைப் பார்த்தால் அந்த நினைப்பே வராது. வாட்டசாட்டமான உடம்பு, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை, புருவம் வரைக்கும் மாவு. நாள் முழுக்க மில் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, வீட்டில் உப்பு கேட்டால்கூட எதிர்த்த தெருவுக்குக் கேட்கும். முதல் வருஷம் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர் கையில் நோட்டைக் கொடுத்துப் படிக்கச் சொன்னோம், திக்காமல் படிப்பார் என்று. படித்தவர் ஐந்தாவது நிமிஷம் நோட்டைக் கீழே வைத்துவிட்டார். தோளில் கிடந்த துண்டு முந்தானையாகிவிட்டது. அந்தக் கட்டைக் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அன்றைக்குத்தான் நானும் ஒழுங்காக நடித்தேன் என்று வாத்தியார் சொன்னார்.

வாத்தியார் என்றால் வெள்ளைச்சாமி, லைன்மேன். எங்களுக்குக் கதை, வசனம், டைரக்‌ஷன் எல்லாம் அவர். பஞ்சாயத்து டிவி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை நடக்கும். உள்ளே நடப்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. ஒரு மீசைக்காரரின் மோவாயைத் தொட்டு நான் கொஞ்சுவது தெரிந்தால் ஊரில் தலை காட்ட முடியுமா? மாமாவும் வீட்டில் மூச்சுவிடவில்லை. மன்றத்தில் உங்களுக்கு என்ன வேலை என்று அவர் சம்சாரம் ஜெயலட்சுமி அக்கா கேட்டால், "மேற்பார்வை" என்று சொல்லி வைத்திருந்தார்.

மூன்று வருஷமாக எங்களுக்கு வந்துகொண்டிருந்த நடிகை சிவரஞ்சனி. கெட்டிக்காரப் பெண். வந்து இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி, "முருகையண்ணன் எங்க?" என்பதுதான். இரண்டு பேரும் பள்ளிக்கூட அறையில் ஒரு மணி நேரம் உட்காருவார்கள். எந்த இடத்தில் அழ வேண்டும், எந்த இடத்தில் வீரமணி வசனத்தை முழுங்குவான் என்று மாமா எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிடுவார். மேடையில் எனக்கு முன்னால் சிவரஞ்சனி நிற்கும். என் கண் மட்டும் பழக்க தோஷத்தில் படுதா ஓரத்தில் நிற்கும் மாமாவைத் தேடும். "அண்ணே, நான் இங்க இருக்கேன்" என்று அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எத்தனையோ தடவை.

இப்படிப்பட்ட மனுஷன் வருஷா வருஷம் வேஷம் பிரிக்கிற கூட்டத்தில் கூச்சத்தோடு ஒன்று கேட்பார். "எனக்கும் ஒரு சின்ன வேஷம் குடுங்களேன்யா." உடனே நான் முந்திக்கொள்வேன். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் மாமா. இந்த வருஷம் கதை ஒத்து வரல." கதை எல்லா வருஷமும் ஒரே கதைதான். அவர் வேஷம் கட்டிவிட்டால் ஒத்திகையில் எனக்கு ஆளில்லாமல் போய்விடும், அதுதான் விஷயம். நான் செய்தது அயோக்கியத்தனம், ஒத்துக்கொள்கிறேன்.

அரியலூர் மாவட்டத்தைத் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தார்களே, அந்த வருஷக் கூட்டத்தில் அவர் கெஞ்சவில்லை. ஒரு துணிப்பையைப் பிரித்துக் காக்கிச் சட்டை, காக்கிப் பேண்ட், தொப்பி எல்லாவற்றையும் மேஜைமேல் எடுத்து வைத்தார். சொந்தமாகத் தைத்தது.

"கடைசி சீன் இன்ஸ்பெக்டர் எனக்கு" என்றார். "மக சத்யாவை ஜெயங்கொண்டத்துல குடுத்திருக்கேன்ல, சம்பந்தி வூட்டுல எல்லாரும் திருவிழாவுக்கு வராங்க. நாடகத்துல உங்க வூட்டுக்காரர் என்ன வேஷம்னு சம்பந்தியம்மா கேட்டுச்சாம். ஜெயலட்சுமிக்குப் பதில் சொல்லத் தெரியல. வூட்டுக்கு வந்து ஒரே அழுகை. பதினோரு வருஷமா ராவெல்லாம் போறீங்களே, ஒரு நாளாவது உங்களை மேடையில பாத்திருக்கனான்னு கேக்குறா. அவ ஒரு தடவை பாக்கணும்யா. நாலு வரி போதும்."

நான் வாயைத் திறப்பதற்குள் வெள்ளைச்சாமி, "இன்ஸ்பெக்டர் முருகையன்" என்று நோட்டில் எழுதிவிட்டார். எழுதிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். என் பாச்சா பலிக்கவில்லை.

அதோடு பிடித்தது சனியன். கதாநாயகி இடத்தில் முதலில் ஷஃபியுல்லாவை நிறுத்தினோம். லெப்பைக்குடிக்காட்டுக்காரர், துபாயிலிருந்து திரும்பி எங்கள் கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். எங்கள் நாடகத்து வில்லன். நான் உருகி உருகிப் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்னங்க, பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேக்குறாப்ல இருக்கு" என்றார். இன்னும் இரண்டு பேரை மாற்றிப் பார்த்தோம். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அதனிடம் பேசச் சொன்னார்கள். நாற்காலி பரவாயில்லை, சிரிக்கவாவது இல்லை. நான்தான் உளறினேன். "இத்தனை வருஷமா நடிச்சது நீயா, அவரா?" என்று வெள்ளைச்சாமி எல்லாருக்கும் எதிரில் கேட்டுவிட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இன்ஸ்பெக்டர் சமாச்சாரம் அதைவிட மோசம். "மாணிக்கம், யூ ஆர் அண்டர் அரெஸ்ட்" என்று கதாநாயகனான என்னை மிரட்ட வேண்டிய இடத்தில், கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்புகிற புதுப்பெண் மாதிரி சொன்னார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இடுப்பில் வைத்தார். லத்தியைக் கொடுத்தால் அதைத் துண்டு போலத் தோளில் போட்டுக்கொண்டார்.

இரண்டு வாரம் பொறுத்துவிட்டு ஒரு சாயங்காலம் மில்லுக்குப் போனேன். ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தினார்.

"மாமா, நீங்க இல்லாம எனக்கு ஒண்ணும் வரல."

"தெரியும்."

"வருஷா வருஷம் உங்களுக்கு வேஷம் வராமக் கெடுத்தது நான்தான்."

"அதுவும் தெரியும் மாப்ள" என்றார். கோபமே இல்லாமல் சொன்னதுதான் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "நான் ரெண்டையும் செய்யறேன். கடைசி சீன் வரைக்கும் கதாநாயகியா நிக்கிறேன். கடைசி சீன்ல இன்ஸ்பெக்டர். ஆனா நாடகத்தன்னிக்கு அந்தக் காக்கியை எங்கிட்டருந்து புடுங்கிறக் கூடாது. அவ முன் வரிசையில உக்காந்திருப்பா."

சத்தியம் செய்து கொடுத்தேன். மறுநாளே எனக்குக் காதல் திரும்பி வந்துவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். கடைசி சீனில் இன்ஸ்பெக்டரும் கதாநாயகியும் நேருக்கு நேர் பேச வேண்டும். மாமாவோ ஒரு ஆள். வலது பக்கம் நின்று விறைப்பாக, "யூ ஆர் அண்டர் அரெஸ்ட்" என்பார். மூன்று எட்டு வைத்து இடது பக்கம் போவார், துண்டை இழுத்துக்கொள்வார், கதாநாயகியின் பெரிய வசனத்தைப் பேசி அழுவார். மறுபடி மூன்று எட்டு வலது பக்கம் வந்து, "சட்டத்துக்குக் கண்ணீர் தெரியாதும்மா" என்று அவருக்கே பதில் சொல்வார். தனக்குத் தானே கையெடுத்துக் கும்பிட்டு, தன்னைத் தானே அதட்டிக்கொள்கிற ஆளைப் பார்த்து நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். இரண்டு மாதம் தினமும் அதே மூன்று எட்டு. அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறதென்று எங்கள் ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை.

நாடகத்தன்று பத்து மணிக்குள் மைக்கை நிறுத்த வேண்டும் என்று போலீஸில் சொல்லிவிட்டதால் ஆறரைக்கே ஆரம்பித்துவிட்டோம். நல்ல கூட்டம். முன் வரிசையில் ஜெயங்கொண்டத்துச் சம்பந்திகள், நடுவில் ஜெயலட்சுமி அக்கா. பட்டுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தது. தன் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு பூ வைத்ததில்லை என்று பின்னால் யாரோ கிண்டல் செய்தார்கள். அக்கா காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை.

சிவரஞ்சனி பிரமாதமாகச் செய்தது. நானும் அந்த வருஷம் அதன் முகத்தைப் பார்த்தே பேசினேன், மாமாதான் உள்ளே காக்கிக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாரே. கடைசி சீன் வந்தது. விசில் ஊதிக்கொண்டு இன்ஸ்பெக்டர் மேடை ஏறினார். காக்கியில் அந்த உடம்பும் அந்த மீசையும் நிஜமாகவே எடுப்பாக இருந்தன. சம்பந்தியம்மாள் அக்காவின் தொடையைத் தட்டி, "அட, உங்க வூட்டுக்காரரா" என்றது மேடை வரைக்கும் கேட்டது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தது.

"யாரும் அசையாதீங்க." முதல் வரி கணீரென்று வந்தது.

"மாணிக்கம், யூ ஆர் அண்டர் அரெஸ்ட்." அதுவும் தேவலை.

அப்புறம் அவர் மூன்று எட்டு எடுத்து வைத்தார்.

"மாமா, வேணாம்" என்று உதட்டுக்குள் சொன்னேன். அவருக்கு எங்கே கேட்கிறது. நேராகச் சிவரஞ்சனியின் பக்கத்தில் போய் நின்றார். அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள், இல்லாத முந்தானையை இழுத்துக்கொண்டு அதன் வசனத்தை ஆரம்பித்துவிட்டார்.

"இந்த மனுஷன் எனக்கு ஒரு முழம் பூ வாங்கித் தந்ததில்லைங்க. ஆசையா ஒரு வார்த்தை பேசினதில்லை. ஆனா நான் காய்ச்சலில் விழுந்து கிடந்த மூணு நாளும் என் பக்கத்துலேருந்து எழுந்திரிக்கலை."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தொப்பி, லத்தி, மீசையோடு ஒரு இன்ஸ்பெக்டர் பெண்டாட்டியாகப் பேசினால் வேறென்ன செய்வார்கள்? படுதாவுக்குப் பின்னால் வெள்ளைச்சாமி தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் மாமா நிறுத்தவில்லை. பதினோரு வருஷமாக ஒரு வசனத்தையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லாதவர். குரல் தாழ்ந்துகொண்டே போனது. சிரிப்பு குறைந்தது. முன் வரிசைச் சிறுசுகளைப் பெரியவர்கள் அடக்கினார்கள்.

"இவரை இழுத்துட்டுப் போறதா இருந்தா, அந்த விலங்குல ஒரு பக்கத்தை எனக்கும் மாட்டுங்க. இவர் இல்லாத வூட்டுல எனக்கு விளக்கேத்தத் தெரியாதுங்க."

கன்னத்தில் கண்ணீர் நிஜமாக வழிந்தது. அதற்குப் பிறகு இன்ஸ்பெக்டர் வரி வர வேண்டும். மாமா வலது பக்கம் திரும்பினார், அங்கே யாரும் இல்லை. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஓடவும் முடியாமல் பேசவும் முடியாமல் அப்படியே நின்றார்.

சிவரஞ்சனி நிதானமாக முன்னால் வந்து கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பியது. "சட்டத்துக்குக் கண்ணீர் தெரியாதுன்னு சொல்லுவாங்க. நான் வாயே திறக்கலை. என் மனசுல இருந்தது அத்தனையும் இந்த ஐயா வாயால வந்துருச்சு. இவருக்கும் வூட்டுல ஒருத்தி இருப்பாங்கள்ல?"

எவ்வளவு கைதட்டல், எவ்வளவு விசில். வெள்ளைச்சாமி ஓடிவந்து படுதாவை இழுத்துவிட்டார்.

உள்ளே மாமா ஒரு பெட்டிமேல் குனிந்து உட்கார்ந்திருந்தார். "சம்பந்தி முன்னாடி அவளைக் கேவலப்படுத்திட்டேன் மாப்ள" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் தோளைப் பிடித்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஜெயலட்சுமி அக்கா படுதாவை விலக்கிக்கொண்டு வந்தது. நாங்கள் எல்லாரும் இரண்டடி தள்ளி நின்றோம்.

"வீரமணித் தம்பி, இவரு இத்தனை வருஷமா இங்க வந்து செஞ்சது இதுதானா?"

பொய் சொல்ல நாக்கு வரவில்லை. "ஆமாக்கா. எங்க எல்லாருக்கும் நடிப்பு வந்ததே அவரால."

அக்காவுக்குக் கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் கறாராக இருந்தது.

"இவ்ளோ தணிஞ்சு பேசத் தெரியுமா உங்களுக்கு? கட்டிக்கிட்டு இருபத்தி மூணு வருஷம் ஆச்சு. எங்கிட்ட ஒரு நாளு பேசியிருக்கீங்களா?"

மாமா தலையைத் தூக்கினார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பேசினதில்லை" என்றார், ரொம்பத் தணிந்த குரலில்.

"சரி, எந்திரிங்க" என்றது அக்கா. "சம்பந்தியெல்லாம் சாப்பிடக் காத்துக்கிட்டிருக்காங்க. அவங்களை அனுப்பிட்டு வந்து, நான் எதிர்ல உக்காந்துக்கிறேன். அந்த வசனத்தை மொதல்லேருந்து எங்கிட்ட சொல்லுங்க."