பூட்டை விடாத கம்ப்யூட்டர்

பேய் பிசாசு எதையும் நான் நம்பியவளில்லை. இருட்டில் முனியாண்டி கோயிலைத் தாண்டித் தனியாகவே போய் வருவேன். எனக்குப் பயமெல்லாம் ஆட்கள் முன்னால் பேசுவதுதான். வாயால் சொன்னால் நீங்கள் பாதியில் சிரிப்பீர்கள், நானும் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பதுளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் பதிவு வேலை பார்க்கிறேன். தொழிலாளர்களின் வரிசை வீடான மேட்டு லயத்துக்கு மேலே மண் வெடித்துவிட்டது, அங்கிருப்பவர்களுக்கு வேறு இடத்தில் வீடு கொடுப்பார்கள் என்றார்கள். பட்டியல் போட்டது நான். காம்பரா நம்பரை வைத்து, அறைக்கு ஒரு குடும்பம் என்று போட்டேன். பிழை அங்கேதான். ஆறாம் காம்பராவின் முன்பக்கத் திண்ணையை, இஸ்தோப்பை, தகரத்தால் அடைத்து சரோஜா தனிக் குடித்தனம் நடத்துகிறாள். அந்த அடைப்புக்கு நம்பர் கிடையாது. அவளும் இரண்டு பெண் பிள்ளைகளும் கொழும்பில் கடையில் நிற்கும் புருஷனும், நாலு பேர் விடுபட்டுப் போனார்கள். பட்டியல் மூன்று மணிக்குப் போகிறது, போனால் பிறகு யாரையும் சேர்க்க முடியாது.

காலையிலேயே சரோஜா ஆபீஸ் படியில் வந்து நின்றாள்.

"அக்கா, போட்டாச்சா?"

"இந்தா போடுறேன், நில்லு."

போட முடியவில்லை. எங்கள் தோட்டத்தில் ஆபீஸ், தொழிற்சாலை, மருந்துக்கூடம் என்று மூன்று கம்ப்யூட்டர். கோப்புகள் எல்லாம் ஆபீஸ் அலுமாரியில் இருக்கும் ஒரே சேமிப்புப் பெட்டியில். ஒருவர் கோப்பில் எழுதும்போது அது பூட்டிக்கொள்ளும், மற்றவர்கள் வாசிக்கலாம், எழுத முடியாது. அன்று எத்தனை தடவை திறந்தாலும் 'தொழிற்சாலை கம்ப்யூட்டரில் பாவனையில் உள்ளது' என்றே வந்தது.

பெரிய கிளாக்கர் ஐயாவிடம், நகல் எடுத்து அதில் சேர்க்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"நகலும் வேணாம் ஒண்ணும் வேணாம். போன தடவ ரெண்டு பட்டியல் போயி தொரைகிட்ட ஏச்சு வாங்குனது நான், நீயில்ல. போய் அத மூடச் சொல்லு."

பனிமூட்டத்தில் தொழிற்சாலைக்கு ஏறினேன். மேசையில் கம்ப்யூட்டரே இல்லை. வயர்கள் தொங்கின, அது இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் சதுரமாகத் தெரிந்தது. பழுதென்று இரண்டு நாளைக்கு முன்பே பதுளைக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அங்கிருந்தே திருத்துபவருக்குப் போன் எடுத்தேன்.

"அது என் மேசையில வயிறு திறந்து கெடக்குதும்மா. டிஸ்க்கையும் கழட்டிட்டேன். பழைய பூட்டு மாட்டிக்கிட்டு நிக்கும். அலுமாரிப் பெட்டிய ஒரு தடவ நிப்பாட்டித் திரும்பப் போடுங்க. பூட்டு வச்சிருந்த கம்ப்யூட்டர் திரும்பக் கேக்குதான்னு பெட்டி கொஞ்ச நேரம் காத்திருக்கும். கேக்க ஆள் இல்லாட்டி பூட்டு போயிரும்."

இறங்கி வந்து நிப்பாட்டிப் போட்டேன். காத்திருந்தேன். திறந்தேன். தொழிற்சாலை கம்ப்யூட்டரில் பாவனையில் உள்ளது.

கேட்டிருக்கிறது. வயிறு திறந்து கிடக்கும் ஒன்று தன் பூட்டைத் திரும்பக் கேட்டு வாங்கியிருக்கிறது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

மூன்று தடவை நிப்பாட்டிப் போட்டேன், மூன்று தடவையும் அதே கதைதான். மேசையில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சரோஜா படியில் உட்கார்ந்து என்னைப் பார்ப்பதும் வெளியே பார்ப்பதுமாக இருந்தாள்.

"மழ வேற வரும்போல இருக்குக்கா. புள்ளைங்க தனியா கெடக்குதுங்க."

இரண்டு நாற்பதுக்குப் பூட்டு தானாக விட்டது. அவசரமாக எழுதப் போனால், கடைசியில் புது வரிகள். ஆறாம் காம்பரா, இஸ்தோப்பு. சரோஜா, புருஷன், இரண்டு பிள்ளைகள், அடையாள அட்டை நம்பர்கள் உட்பட. அதற்குக் கீழே ஐந்தாவதாக ஒரு வரி. ஆண், வயது சைபர், பெயர் இல்லை. அந்த வரியை அழிக்க எனக்குக் கை வரவில்லை, நேரமும் இல்லை. பெரிய கிளாக்கர் ஐயா அப்படியே அனுப்பிவிட்டார்.

இரண்டு கிழமை கழித்து கிராம சேவகர் ஆட்களை எண்ண லயத்துக்கு வந்தார். பட்டியலோடு நானும் போனேன்.

"அஞ்சு பேருன்னு இருக்கு. அஞ்சாவது ஆள் எங்க?"

சரோஜா சிரிக்கப் போனவள் அப்படியே நின்றாள். பிறகு விரல்விட்டு எண்ணினாள். அவள் எண்ணியது ஆட்களை அல்ல, நாட்களை.

"எனக்கே இப்பதான் தெரியுது. ஒங்களுக்கு யாருக்கா சொன்னா?"

பட்டியலில் இருந்ததால் வீடு கிடைத்தது. அவர்கள் போய் ஒரு மாதத்தில், கடும் மழையில் அந்த இஸ்தோப்பு மண்ணுக்குள் போய்விட்டது. பிள்ளையும் பிறந்தான், ஆண்தான். பெயர் வைக்கும் முன் சரோஜா என்னிடம் வந்து, "அதுல பேரு ஏதும் போட்டிருக்காக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். திறந்து காட்டினேன். அந்தக் கட்டம் காலியாக இருந்தது. அவளே யோசித்து ரஞ்சன் என்று வைத்தாள்.

போன மாதம் வேறு வேலைக்காக அந்தக் கோப்பைத் திறந்தேன். காலியாக இருந்த கட்டத்தில் ரஞ்சன் என்று இருக்கிறது. திருத்துபவரிடம் கேட்டேன். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தான் கடைசியாகப் பார்த்ததை நகலாக வைத்திருக்கும், சில நேரம் பழைய நகலையே காட்டும், சரோஜாவுக்குக் காட்டியது பழையதாக இருக்கும் என்றார். சரி, அது பழையது என்றே வைத்துக்கொள்வோம். பெயரைப் பிறகு யார் எழுதினார்கள் என்று பார்த்தேன்.

கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்டது பட்டியல் போன அன்றைக்கு, இரண்டு நாற்பதுக்கு. அதன் பிறகு அதில் யாரும் எழுதவில்லை.