ஆதிலட்சுமி போட்ட முப்பத்து நாலு

ஆரணியில் பாட்டு கேட்காத வீடு கிடையாது. தறியில் உட்கார்ந்தால் கைக்கும் காலுக்கும்தான் வேலை, காது சும்மாதானே கிடக்கிறது. ஆனால் கேட்ட பாட்டுக்கு மார்க் போட்டவள் ஊரிலேயே ஒருத்திதான். கொசப்பாளையத்து ஆதிலட்சுமி.

கணக்கில் ஃபெயிலாகி ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். "எனக்கு ஃபெயில் போட்டப்ப யாரும் என்கிட்ட யோசன கேக்கல. நான் மட்டும் எதுக்கு நாலு பேர கேட்டுகினு போடணும்?" என்பாள். நூற்றுக்கு இத்தனை என்று மார்க், முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். தனிப் பாட்டுக்குக் கிடையாது, முழு கேசட்டுக்கும் சேர்த்துத்தான். ஒரு பாட்டு மட்டும் நன்றாக இருந்து மற்றதெல்லாம் சொதப்பலாக இருந்தால், நல்ல இட்லி ஒன்றை மேலே வைத்துவிட்டு ஊசிப்போனதை அடியில் வைத்துக் கொடுப்பது மாதிரி என்பது அவள் கட்சி.

பஜாரில் கேசட் கடை வைத்திருந்த சிவகுமார் புதிதாக எது வந்தாலும் ஒன்றை அவளுக்குக் கொடுத்தனுப்புவான். நெய்துகொண்டே இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு அவள் சொல்வதை ஒரு வெள்ளைச் சீட்டில் எழுதி கேசட் மேல் ஒட்டுவான். அவளுக்கு ஓசியில் பாட்டு, அவனுக்கு வியாபாரம். வார்த்தையே இல்லாத ஒரு வயலின் கேசட்டுக்கு எண்பத்தெட்டு: "இதுல பொய் சொல்ல வழியில்ல." காலேஜ் பையன்கள் ஆடித் தீர்த்த ஒரு சினிமா கேசட்டுக்கு முப்பது: "ஆறு பாட்டு இல்ல, ஒரே பாட்டு ஆறு சட்ட மாத்திகினு வருது." ஓர் அம்மன் கேசட்டுக்கு நாற்பத்தொன்று: "பெத்தவள கூப்பிடற மாதிரி இல்ல, கண்டக்டர் டிக்கெட்டுக்கு கூப்பிடற மாதிரி இருக்குது."

ஊர்ப் பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிடும் பழைய சினிமாப் பாட்டு கேசட் ஒன்றுக்கு அவள் ஐம்பத்திரண்டு போட்டபோதுதான் பெரிய ரகளை. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் கடைக்கே வந்து சத்தம் போட்டார். ஆதிலட்சுமி அசையவில்லை. "மூணு பாட்டு தங்கம் சார். மிச்சத்த நீங்க கேட்டதே இல்ல. கேட்டதா நெனச்சிகினு இருக்கீங்க" என்றாள். பின்னாளில், இரண்டாயிரத்துக்கு அப்புறம், ஒரே சிடியில் நூற்றைம்பது பாட்டை அடைத்து எம்பி3 என்று விற்றபோது, "இது கேசட் இல்ல, மூட்ட" என்று சொல்லி முட்டை போட்டவளும் அவள்தான்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவன் மணவாளன் ஒரு பாட்டுக்காரன். தொழில் நெசவுதான். ஆனால் மார்கழி பஜனையில் அவன் வாயைத் திறந்தால் தெருவே நின்று கேட்கும். கூட்டாளிகள் உசுப்பேற்றினார்கள். தொண்ணூற்றேழில் சென்னைக்குப் போய் எட்டு முருகன் பாட்டுகளைப் பாடிப் பதிவு செய்துவிட்டு வந்தான். அட்டையில் அவன் படம் போட்டு, பெட்டி பெட்டியாகக் கேசட் வந்து இறங்கியது. ஆடிக் கிருத்திகை அன்று நெசவாளர் சங்கத் தலைவர் இராஜமாணிக்கம் மேடையில் வெளியிட்டார். மணவாளனுக்குத் தலைகால் புரியவில்லை. மைக்கைப் பிடித்து, "எங்க வூட்ல மார்க் போடறவங்க இருக்காங்க, உங்களுக்கே தெரியும். எனக்கு எவ்ளோன்னு ஊரே பாக்கட்டும்" என்றான். கூட்டம் கைதட்டியது.

ஒரு வாரம் தட்டிக்கழித்துவிட்டு, தறியில் உட்கார்ந்து கேட்டாள். முதல் பாட்டிலேயே அவன் வேறு யாருடைய குரலையோ இரவல் வாங்கிப் பாடியிருந்தான். அடுத்ததில் பயம் தொண்டையைப் பிடித்திருந்தது. ஏ பக்கம் முழுக்க அப்படியே போயிற்று. பி பக்கத்தில் இரண்டாவது பாட்டில்தான் ஸ்டூடியோவை மறந்து தன் குரலில் பாடினான். ஆதிலட்சுமியின் கை தானாக நின்றது. அந்தப் பாட்டு முடிந்த பிறகு ஒன்றுமே இல்லை. 'உஸ்' என்று வெறும் காற்றுச் சத்தம். டேப் ரெக்கார்டர்தான் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்து இன்னொரு கேசட்டை எடுத்துப் போட்டாள். அதிலும் அதே கதை. அட்டையில் எட்டுப் பாட்டு, உள்ளே ஆறு. காப்பி போட்ட இடத்தில் எவனோ தூங்கிவிட்டான்.

சொல்லலாம் என்றுதான் கடைக்கு ஓடினாள். "சிவா, அவர் கேசட்ட யாராவது திருப்பி குடுத்தாங்களா?"

"இன்னாக்கா நீ. முந்நூறு போயிடுச்சி. ஒருத்தர் கூட ஒரு கொற சொல்லல. சூப்பர் சூப்பர்னு சொல்லிகினு போறாங்க" என்றான் சிவகுமார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்நூறு வீட்டில் ஒரு வீட்டிலும் கேசட்டைத் திருப்பிப் போடவில்லை. வாங்கினார்கள், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள், தெருவில் மணவாளனைப் பார்த்தால் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவ்வளவுதான். முதலில் ஆத்திரம் வந்தது, அப்புறம் மணவாளனை நினைத்துப் பாவமாக இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறவனிடம் போய், உன் பாட்டை ஒருத்தரும் கேட்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது. அதை மட்டும் தனக்குள் விழுங்கிக்கொண்டாள். மார்க்கை விழுங்கவில்லை.

"முப்பத்தி நாலு, எழுதிக்க" என்றாள்.

சிவகுமார் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "அக்கா, ஒரே ஒரு மார்க் சேத்து போடுக்கா. பாஸாவது ஆவட்டும்."

"அந்த ஒரு மார்க்கையும் அவரே பாடி வாங்கட்டும்."

சிவகுமார் சீட்டு ஒட்டவில்லை, ஆனால் செய்தி அன்று பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. டீக்கடையில் சிரித்தார்கள். மணவாளனின் அக்கா ராஜம்மாள், சங்கத் தலைவரையே கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். மணவாளன் மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஊரே மெச்சுது. வூட்ல இருக்கறவ ஃபெயில் போடறா. இது அடுக்குமா உனக்கு? ஒழுங்கா மாத்தி சொல்லு" என்றாள் ராஜம்மாள்.

"மாறாது அண்ணி."

இராஜமாணிக்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நான் சொல்றேம்மா. எட்டும் எட்டு முத்து. அதுலயும் அந்தக் கடைசி பாட்டு, எனக்கு கண்ணே கலங்கிப்போச்சி."

மணவாளனின் முகம் மலர்ந்தது. ஆதிலட்சுமி அதைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும், தலைவரின் மானம் அங்கேயே கப்பலேறிவிடும். அண்ணி வாயை மூடிக்கொண்டு வந்த வழியே போவாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்த வார்த்தை அவர்களைத் தாண்டிப் போய் மூலையில் இருக்கிறவனைத்தான் அடிக்கும்.

"உங்களுக்கு கண்ணு கலங்கினா சந்தோஷம்தாங்க. எனக்கு கலங்கல. முப்பத்தி நாலுதான்" என்றாள்.

அன்றிலிருந்து மணவாளன் அக்கா வீட்டில் சாப்பிட்டான். தறிக்கு வருவான், நெய்வான், எழுந்து போவான், பேச்சு கிடையாது. ஆதிலட்சுமி அழுதாள். வைராக்கியக்காரிக்கு அழுகை வராது என்று யார் சொன்னது. அழுதுகொண்டே நெய்தாள், ஒரு மார்க்கும் ஏற்றவில்லை. ஊர் சும்மா புகழ்ந்துவிட்டுப் போய்விட்டது. தானும் சும்மா நூறு போட்டால், மணவாளன் பாட்டை நிஜமாகக் கேட்ட ஆள் இந்த உலகத்தில் ஒருத்தர்கூட இல்லை என்று ஆகிவிடும். அதற்கு அவள் சம்மதிக்கவில்லை.

ஒரு மத்தியானம் மணவாளன் கேசட் பெட்டியோடு வந்து அவள் எதிரில் நின்றான். "இப்ப கேக்கலாம். எங்க எங்க மார்க் கொறஞ்சிதுன்னு நீ ஒவ்வொண்ணா சொல்லு."

ஏ பக்கம் ஓடியது. அவள் சொன்னாள், அவன் எகிறினான், அவள் மறுபடியும் சொன்னாள். கேசட்டைத் திருப்பப் போனபோது அவன் கையைப் பிடித்தாள். "இது போதுங்க. அந்தப் பக்கம் வேணாம்."

"ஏன், அதுல கொற இல்லியா?" என்று கையை உதறிவிட்டுப் போட்டான்.

முதல் பாட்டு போயிற்று. இரண்டாவது வந்தபோது, "இதுக்குத்தான் மார்க்கே விழுந்துச்சி" என்றாள் மெதுவாக. அப்புறம் 'உஸ்' என்றது. கேசட் வந்ததிலிருந்து மணவாளனும் இந்தப் பக்கத்தைப் போட்டுப் பார்த்ததில்லை. காத்திருந்தான். ஓட்டிப் பார்த்தான். வேறொன்றை எடுத்துப் போட்டான், அப்புறம் இன்னொன்று. பெட்டியில் பாதியைத் தரையில் கொட்டிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

"தலைவருக்கு கண்ணு கலங்கிச்சாமே" என்றான்.

அவள் எட்டி டேப் ரெக்கார்டரை நிறுத்தினாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"கேட்ட அன்னிக்கே."

"அன்னிக்கி அவங்க முன்னால சொல்லியிருந்தா நீ ஜெயிச்சிருப்பியே."

"நீங்க தோத்துருப்பீங்க."

மணவாளன் ஒரு கேசட் அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அந்த ரெண்டும் இருந்திருந்தா பாஸாயிருப்பேனா?"

"கேக்காத பாட்டுக்கு நான் மார்க் போடறதில்லீங்க" என்றாள்.

அவன் தரையில் கிடந்ததையெல்லாம் அள்ளிப் பெட்டியில் போட்டுத் தோளில் வைத்துக்கொண்டு விடுவிடுவென்று போனான். தலைவர் வீட்டுக்குச் சண்டைக்குத்தான் போகிறான் என்று பயந்து ஆதிலட்சுமி பின்னாலேயே ஓடினாள். அவன் நேராக சிவகுமார் கடைக்குள் நுழைந்தான். வெள்ளைச் சீட்டுக் கட்டைக் கேட்டு வாங்கினான். ஒவ்வொரு கேசட் மேலும், தன் முகத்துக்குப் பக்கத்திலேயே, தன் கையாலேயே எழுதி ஒட்ட ஆரம்பித்தான்: 'பாட்டு ஆறு. மார்க் 34.'

சிவகுமார் தலையில் கை வைத்துக்கொண்டான். "அண்ணா, ஃபெயில்னு நீயே எழுதினா எவன் வாங்குவான்?"

"கேக்கறவன் வாங்கட்டும்" என்றான் மணவாளன்.

ஆதிலட்சுமி கடைக்குள் போய் இன்னொரு பேனாவை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.